ஃபீனிக்ஸிலிருந்து யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குகளுக்கு ஆறு நாள் பைக் பயணம்: திட்டம் சரிதானா?

பாலைவழி எழுதிய கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். கோவையில் இருக்கும் என் தம்பி ஜூலை கடைசியில் மூன்று வார விடுப்பில் இங்கே வருவதாக இருக்கிறான். கல்லூரிக் காலத்தில் இருவரும் ஒரே வண்டியில் வால்பாறைக்கும் ஊட்டிக்கும் போய்வந்தவர்கள். ஆளுக்கொரு வண்டியில் அமெரிக்காவின் பாலைநிலப் பள்ளத்தாக்குகளைச் சுற்றிவர வேண்டும் என்று ஏழெட்டு ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். என்னிடம் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இருக்கிறது. தம்பிக்கு இங்கே ஒரு குரூஸர் வண்டியை வாடகைக்கு எடுக்க எண்ணியிருக்கிறேன்.

வரைபடத்தை வைத்துக்கொண்டு நான் போட்டிருக்கும் திட்டம் இது. முதல் நாள் ஃபீனிக்ஸிலிருந்து கிராண்ட் கேன்யனின் தென்விளிம்புக்குப் போய், பார்த்துவிட்டு, இரவு பேஜ் நகரில் தங்குவது. இரண்டாம் நாள் கனாப் வழியாக ஸயான் தேசியப் பூங்கா. மூன்றாம் நாள் பிரைஸ் கேன்யனைப் பார்த்துவிட்டு யூட்டா 12 ஆம் எண் நெடுஞ்சாலையில் டோரி வரை. நான்காம் நாள் ஹேங்ஸ்வில் வழியாக மோவாப் சென்று ஆர்ச்சஸ் பூங்கா. ஐந்தாம் நாள் நேச்சுரல் பிரிட்ஜஸ், மோக்கி டக்வே என்ற செங்குத்தான சரளை மலைப்பாதை, மானுமென்ட் வேலி. ஆறாம் நாள் வீடு. மொத்தம் ஏறத்தாழ 2,200 கி.மீ. வருகிறது. சராசரியாக நாளுக்கு 370 கி.மீ. என்பதால் இயலும் என்று நினைக்கிறேன்.

இந்தச் சாலைகளில் போய்வந்தவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்க விரும்புகிறேன். ஆறு நாள் போதுமா? என் வண்டியின் 15 லிட்டர் டேங்க் இந்த வழிக்குப் போதுமா, தனியாக கேன் கட்ட வேண்டுமா? பெட்டிகள் ஏற்றிய வண்டியுடன் மோக்கி டக்வேயில் இறங்கலாமா?

மேட்டுநிலவாசி எழுதிய பதில்

வணக்கம் ஐயா. நான் சால்ட் லேக் சிட்டியில் வசிக்கிறேன். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் சாலைகளில் 2016 முதல் ஆண்டுக்கு ஒரு முறையாவது பைக்கில் போய்வருகிறேன். உங்கள் திட்டத்தில் உள்ள இடங்கள் எல்லாமே நல்ல இடங்கள்தான். ஆனால் கணக்கைத் தூரத்தை வைத்துப் போட்டிருக்கிறீர்கள். அந்த நிலத்தில் கணக்கை நாளின் பொழுதை வைத்துப் போட வேண்டும். காலை ஆறு முதல் பதினொன்று வரை ஓட்டினால் கிடைக்கும் 250 கி.மீ.யும், பிற்பகல் ஒன்று முதல் ஆறு வரை ஓட்டினால் கிடைக்கும் 250 கி.மீ.யும் ஒன்றல்ல. பிற்பகலில் வெயில், எதிர்க்காற்று, இடிமழை மூன்றும் சேர்ந்து வரும். அந்தி சாய்ந்த பிறகு மான்கள் சாலைக்கு வந்துவிடும். 12 ஆம் எண் சாலையின் பல பகுதிகளில் வேலியில்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடுகளும் நிற்கும். ஆகவே உண்மையில் ஓட்டுவதற்கு ஏற்ற நேரம் நாளுக்கு ஐந்தாறு மணிதான். முதல் நாளே கிட்டத்தட்ட 590 கி.மீ. போட்டு, இடையில் கிராண்ட் கேன்யனையும் பார்ப்பது என்பது, பார்க்க வந்த இடத்தில் களைத்துப்போய் நிற்பதற்கான வழி.

எனவே மோவாபை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. மனம் ஒப்பாது என்று தெரியும். ஆனால் மோவாபுக்குத் தனியாக மூன்று நாள் வேண்டும், அதைக் காரில் குடும்பத்தோடுகூடப் பார்க்கலாம். பைக்கில் மட்டுமே முழுதாகக் கிடைக்கக்கூடியவை யூட்டா 12 ஆம் எண் சாலையும், ஹேங்ஸ்விலிலிருந்து நேச்சுரல் பிரிட்ஜஸ் பக்கம் போகும் 95 ஆம் எண் சாலையும். அவற்றுக்கு நேரத்தைக் கொடுங்கள்.

பாங்விச் அருகே தொடங்கி டோரியில் முடியும் 12 ஆம் எண் சாலையின் நீளம் சுமார் 200 கி.மீ. மட்டுமே. அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். எஸ்கலான்டே ஊரைத் தாண்டியதும் வெள்ளை மணற்பாறைகள் கடலலை உறைந்ததுபோலக் கிடக்கும் ஒரு பள்ளத்தாக்கின் மேல் சாலை வந்து நிற்கும். அங்கே கட்டாயம் வண்டியை நிறுத்துங்கள். அதன் பிறகு பள்ளத்தாக்குக்குள் இறங்கி, காஃப் க்ரீக்கைக் கடந்து ஏறினால், ஹாக்பேக் என்ற ஒடுங்கிய முகடு. சாலையின் இரு பக்கமும் நிலம் சரிந்து கீழே போகும், தடுப்புச் சுவர் கிடையாது. காட்சியில் கண்ணைக் கொடுக்காமல் சாலையில் மட்டும் கண் வைத்து ஓட்டுங்கள். அங்கே காற்று பக்கவாட்டில் அடிக்கும். போல்டர் ஊரைத் தாண்டியபின் சாலை 2,900 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. 300 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ மூன்று விழுக்காடு என்ற கணக்கில் எஞ்சினின் திறன் குறையும் என்பதால், 24 குதிரைத்திறன் கொண்ட உங்கள் ஹிமாலயன் அந்த உச்சியில் பதினேழு பதினெட்டுதான் தரும். முந்திச் செல்லும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, யூட்டாவின் பெட்ரோல் பங்க்குகளில் வழக்கமான பெட்ரோல் என்று இருப்பது பெரும்பாலும் 85 ஆக்டேன் (எஞ்சினில் தட்டாமல் எரியும் தரத்தின் அளவு). வண்டியின் கையேடு கேட்பதைப் பார்த்து, அதற்கு மேலுள்ள வகையையே போடுங்கள்.

பெட்ரோலுக்கு வருகிறேன். நீங்கள் அஞ்ச வேண்டிய பகுதி ஒன்றே ஒன்றுதான்: ஹேங்ஸ்வில் முதல் பிளான்டிங் வரையிலான 95 ஆம் எண் சாலை. ஏறத்தாழ 195 கி.மீ. தூரத்துக்கு ஊரே கிடையாது. நடுவில் கொலராடோ ஆற்றைக் கடக்கும் ஹைட் என்ற இடத்தில் ஒரு பங்க் இருப்பதாக வரைபடம் காட்டலாம். அதை நம்பிப் புறப்படாதீர்கள். பாவெல் ஏரியின் நீர்மட்டம் இறங்கிப்போய், படகுத்துறையே தண்ணீரின்றிக் கிடக்கும் இடம் அது. உங்கள் வண்டி லிட்டருக்கு 25 கி.மீ. கொடுத்தாலும் 350 கி.மீ.க்குக் குறையாது, கேன் வேண்டியதில்லை. கவலை உங்கள் வண்டியைப் பற்றியதல்ல, தம்பியின் வண்டியைப் பற்றியது. சில குரூஸர்களின் டேங்க் 12, 13 லிட்டர்தான். எதிர்க்காற்றில் லிட்டருக்கு 18 கி.மீ. என்று இறங்கினால், 95 இலிருந்து 261 ஆம் எண் சாலைக்குத் திரும்பி மெக்சிகன் ஹாட் ஊர் வரை போகும் 210 கி.மீ.க்கே மயிரிழை மிச்சம்தான் இருக்கும். இருவர் போகும் பயணத்தில் சிறிய டேங்க்தான் இருவருக்கும் எல்லை வகுக்கும். வாடகை வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது நிறத்தைப் பார்க்கும் முன் டேங்கின் அளவைக் கேளுங்கள்.

ஸயானைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. கிழக்கு வாசல் வழியாக நுழைந்தால் 1930 இல் திறக்கப்பட்ட சுரங்கப்பாதை வரும். 1.8 கி.மீ. நீளம். கண்கூசும் வெயிலிலிருந்து திடீரென்று இருட்டுக்குள் போவீர்கள், எனவே கறுப்புக் கண்ணாடியையும் ஹெல்மெட்டின் நிறமேற்றிய முகக்கண்ணாடியையும் நுழைவதற்கு முன்பே நீக்கிவிடுங்கள். பள்ளத்தாக்கின் உள்சாலையில் பருவகாலம் முழுவதும் சொந்த வண்டிகளுக்கு அனுமதியில்லை, பேருந்தில்தான் போக வேண்டும். ஹெல்மெட்டையும் ஜாக்கெட்டையும் வண்டியோடு பூட்டிவைக்க ஒரு கம்பிப் பூட்டு எடுத்துச்செல்லுங்கள்.

கானல்நீர் எழுதிய பதில்

மேலே உள்ள பதிலில் சொன்னவை அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: ஜூலை கடைசியில் ஏன்? நான் டூசானில் வசிப்பவள், பதினோரு ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். 2019 ஜூலையில் பேஜிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் நோக்கிப் பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டேன். புழுக்கம் தாங்காமல் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்னால் கட்டிவிட்டு, காற்று உடம்பில் படட்டும் என்று ஓட்டினேன். கேமரன் என்ற ஊருக்குச் சற்று முன்பு தலை வலித்தது, குமட்டியது, சாலையின் வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்தது. எப்படியோ ஒரு கடை வாசலில் நிறுத்தி, நிழலில் ஒன்றரை மணி நேரம் படுத்திருந்தேன். அங்கே இருந்த, அப்பகுதிப் பழங்குடியான நவஹோ இனத்து மூதாட்டி ஒருவர் ஈரத்துணியை என் கழுத்தில் வைத்து, உட்கார்ந்து விசிறிவிட்டார். அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

நான் செய்த பிழை என்னவென்று பின்புதான் விளங்கியது. தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி. வெளிக்காற்று அதைத் தாண்டிவிட்டால், காற்று உடம்பைக் குளிர்விப்பதில்லை, அடுப்பின் அனலைப்போல மேலும் சூடேற்றுகிறது. நம்மைக் காப்பது வியர்வை ஆவியாவது மட்டுமே. அந்த வறண்ட காற்றில் வியர்வை வருவதே தெரியாமல் ஆவியாகிவிடும் என்பதால், உடம்பு நனையவில்லை, ஆகவே நீர் இழக்கவில்லை என்று ஏமாந்துபோவோம். எனவே வெயில் காலத்தில் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது. உள்ளே பருத்திச் சட்டையை நன்றாக நனைத்துப் போட்டுக்கொண்டு, ஜாக்கெட்டின் காற்றுவழிகளைக் கொஞ்சமாக மட்டும் திறந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மீண்டும் நனைக்க வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அதோடு உப்பு. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான். ஃபீனிக்ஸில் வசிக்கும் உங்களுக்கு வெயில் புதிதல்ல. 2023 இல் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரியைத் தாண்டியதை அனுபவித்திருப்பீர்கள். ஆனால் வீட்டிலிருந்து குளிரூட்டிய காருக்கும், காரிலிருந்து அலுவலகத்துக்கும் போகும் வெயில் வேறு, எஞ்சினின் மேல் உட்கார்ந்து ஐந்து மணி நேரம் தாங்கும் வெயில் வேறு. கோவையின் காற்றுக்குப் பழகிய உங்கள் தம்பிக்கு இது இன்னும் கடினம்.

இரண்டாவது காரணம் மழை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே பருவமழைக் காலம். பிற்பகலில் மேகம் திரண்டு ஏதோ ஓரிடத்தில் கொட்டும். பாறையும் காய்ந்த களிமண்ணும் நீரை உறிஞ்சாது, எல்லாம் வறண்ட ஓடைகளில் சேர்ந்து பாயும். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே குற்றாலத்தில் வெள்ளம் வருமே, அதேபோலத்தான். ஆனால் இங்கே இருபது, முப்பது கி.மீ. தொலைவில் பெய்த மழைகூட வந்து சேரும். 1997 ஆகஸ்ட் 12 அன்று பேஜ் அருகே உள்ள கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் இப்படி வந்த வெள்ளத்தில் பதினொரு சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தார்கள். அந்த இடத்தில் அப்போது மழையே பெரிதாகப் பெய்யவில்லை. சாலையின் மேல் சேற்றுநீர் ஓடினால், ஆழம் அரை அடிதானே என்று இறங்காதீர்கள். காத்திருங்கள், பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடும். மண்சாலைகள் நனைந்தால் களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுழலாது.

இயன்றால் தம்பியின் விடுப்பை அக்டோபர் தொடக்கத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். ஃபீனிக்ஸில் பல பள்ளிகளுக்கு அப்போது இலையுதிர்கால விடுமுறையும் வரும்.

நாமக்கல்காரன் எழுதிய பதில்

மோக்கி டக்வே பற்றி மட்டும் சொல்கிறேன். 1950களில், யுரேனியத் தாதுவை மெக்சிகன் ஹாட் அருகே இருந்த ஆலைக்கு லாரிகளில் இறக்குவதற்காக மலைமுகத்தில் வெட்டிய பாதை அது. 261 ஆம் எண் சாலையில் மற்ற பகுதியெல்லாம் தார். இந்த ஐந்து கி.மீ. மட்டும் சரளை. ஏறத்தாழ 340 மீட்டர் உயரத்தை அந்த ஐந்து கி.மீ.க்குள் இறங்கிவிடும்.

எங்கள் கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பழகியவன் நான். இங்கே வளைவுகள் அவ்வளவு இல்லை, பாதையும் அகலம். கடினம் எங்கே என்றால், வளைவின் உட்புறத்தில் சலவைப் பலகைபோல வரிவரியாக அரித்துப்போன சரளையில்தான். இறங்கும்போது முன்பிரேக்கை வளைவில் தொட்டால் முன்சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே நேரான பகுதியில் வேகத்தைக் குறைத்து, முதல் கியரில் எஞ்சினைப் பிடிப்பாக விட்டு, பின்பிரேக்கை மெல்ல வைத்துத் திரும்ப வேண்டும். 21 அங்குல முன்சக்கரம் உள்ள உங்கள் ஹிமாலயனுக்கு இது எளிது. 300 கிலோ எடையுள்ள குரூஸரில், அறிமுகமில்லாத வண்டியில், வலப்பக்கம் ஓட்டிப் பழகாத ஒருவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடகை ஒப்பந்தங்கள் பலவற்றில் தார் இல்லாத சாலைக்கு அனுமதியும் இருக்காது. மீறி விழுந்தால் காப்பீடு கைவிட்டுவிடும்.

மாற்றுவழி இருக்கிறது. 95 இலேயே தொடர்ந்து பிளான்டிங் போய், பெட்ரோல் போட்டுக்கொண்டு, பிளஃப் வழியாக மெக்சிகன் ஹாட் வந்துவிடலாம். எழுபது, எண்பது கி.மீ. கூடும், முழுதும் தார்ச்சாலை. டக்வேயின் மேலிருந்து தெரியும் காட்சி வேண்டுமென்றால், மறுநாள் காலை பெட்டிகளை விடுதியில் வைத்துவிட்டு, இருவரும் உங்கள் வண்டியிலேயே கீழிருந்து ஏறிப் பார்த்து வாருங்கள். சரளையில் இறங்குவதைவிட ஏறுவது பிடிமானமாக இருக்கும். வால்பாறைக்கு ஒரே வண்டியில் போனவர்களுக்கு அது பிடிக்கவும் செய்யும்.

இன்னொன்று. உங்கள் வண்டியில் டியூப் உள்ள ஆரக்கம்பிச் சக்கரங்கள். டியூப்லெஸ் டயருக்கு அடைக்கும் பஞ்சர் குச்சி உதவாது. முன்னும் பின்னும் ஒவ்வொரு டியூப், டயர் நெம்பி, சிறிய காற்றுப் பம்பு வைத்துக்கொண்டு, வீட்டு வாசலிலேயே ஒரு முறை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். 95 ஆம் எண் சாலையில் பெரும்பகுதிக்குக் கைப்பேசி சிக்னல் கிடையாது, செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி ஒன்று இருவருள் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

பாலைவழி மீண்டும் எழுதியது

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கானல்நீர் அவர்களின் பதிலை நேற்றிரவு தம்பிக்குத் தொலைபேசியில் முழுதாக வாசித்துக் காட்டினேன். அவன் அலுவலகத்தில் பேசி, விடுப்பை அக்டோபர் முதல் வாரத்துக்கு மாற்றிக்கொண்டான். மோவாபை எடுத்துவிட்டேன். எடுத்தபோது வருத்தமாகத்தான் இருந்தது.

புதிய திட்டம் எட்டு நாள். முதல் நாள் ஃபிளாக்ஸ்டாஃப் மட்டும். இரண்டாம் நாள் கிராண்ட் கேன்யன் தென்விளிம்பு, டெசர்ட் வியூ சாலை, கேமரன் வழியாகப் பேஜ். மூன்றாம் நாள் ஸயான். நான்காம் நாள் அங்கேயே தங்கி நடப்பது. ஐந்தாம் நாள் பிரைஸ். ஆறாம் நாள் 12 ஆம் எண் சாலை முழுதும், இரவு டோரி. ஏழாம் நாள் விடியலில் புறப்பட்டு 95, பிளான்டிங், பிளஃப், மெக்சிகன் ஹாட். எட்டாம் நாள் காலையில் டக்வேயைப் பார்த்துவிட்டு, மானுமென்ட் வேலி வழியாக வீடு. தம்பிக்கு 18 லிட்டர் டேங்க் உள்ள வண்டியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதில் இன்னும் பிழை இருந்தால் சொல்லுங்கள்.

மேட்டுநிலவாசி மீண்டும் எழுதியது

இப்போது திட்டம் நன்றாக இருக்கிறது. எட்டாம் நாள் மட்டும் கனக்கிறது. மெக்சிகன் ஹாட்டிலிருந்து ஃபீனிக்ஸ் 550 கி.மீ.க்கும் மேல். ஒன்பதாவது நாளைச் சேர்த்து, கடைசி இரவைக் கயென்டாவிலோ ஃபிளாக்ஸ்டாஃபிலோ கழியுங்கள். அக்டோபரில் வேறொரு கவலை தொடங்குகிறது. பிரைஸின் விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல் இருப்பதால் இரவில் உறைநிலைக்கும் கீழே போகும். போல்டர் மலையின் நிழல் விழும் வளைவுகளில் காலையில் உறைபனி படிந்திருக்கலாம், எனவே ஆறாம் நாள் மட்டும் விடியலில் புறப்படாமல் ஒன்பது மணிக்குப் புறப்படுங்கள். அந்த நேரத்தில் மலைமேல் ஆஸ்பன் மரங்கள் மஞ்சளாக நிற்கும்.

ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃபுக்கு ஐ-17 விரைவுச்சாலை வேண்டாம். அந்த ஏற்றத்தில் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் வரும் லாரிகளுக்கு நடுவில் 411 சிசி வண்டி திணறும். 87 ஆம் எண் சாலையில் பேசன், ஸ்ட்ராபெரி வழியாக ஏறி, லேக் மேரி சாலையில் போய்ச் சேருங்கள். பைன் காட்டுக்குள் போகும் அருமையான பாதை.

மானுமென்ட் வேலி நவஹோ மக்களின் நிலம். தேசியப் பூங்காக்களுக்கு வாங்கிய ஆண்டு அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது, தனிக் கட்டணம் உண்டு. உள்ளே இருக்கும் 27 கி.மீ. மண்சாலைக்கு மோட்டார் சைக்கிளை விடுவதில்லை, நவஹோ வழிகாட்டியின் வண்டியில் போக வேண்டும். அதற்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவர்கள் சொல்லும் கதைகளோடு பார்த்தால்தான் அந்தப் பாறைகள் நிறைவு தரும். நவஹோ நிலப்பகுதி முழுவதும் மதுவுக்குத் தடை இருக்கிறது. அனுமதி கேட்காமல் மனிதர்களைப் படம் எடுக்காதீர்கள்.

கடிகாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரிசோனா கோடைக்கால நேர மாற்றத்தை, அதாவது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைக்கும் வழக்கத்தை, பின்பற்றுவதில்லை, யூட்டாவும் நவஹோ நிலப்பகுதியும் பின்பற்றுகின்றன. பேஜில் நிற்கும்போது கைப்பேசி ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தாவும். ஆன்டிலோப் பள்ளத்தாக்குக்கு முன்பதிவு செய்தால் அது பேஜின் நேரம், அதாவது ஃபீனிக்ஸின் நேரம்.

தம்பி கோவையில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கும்போது, அதில் மோட்டார் சைக்கிளுக்கான பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று அலுவலகத்திலேயே பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காருக்கு மட்டும் முத்திரை இருந்தால் வாடகைக்கு வண்டி தர மாட்டார்கள். இந்திய உரிமத்தையும் கூடவே எடுத்துவர வேண்டும். அவர் வந்து இறங்கியதும் இரண்டு நாள் ஓய்வு கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் சாலையில் வலப்பக்கம் ஓட்டப் பழக்குங்கள். இடப்பக்கம் திரும்பும்போதுதான் பழைய பழக்கம் கைகளை இழுக்கும், அதை மட்டும் இருபது முறை செய்யச் சொல்லுங்கள்.